சுழற்கலப்பை வளர்ந்த கதை



தோட்டத்து மக்களாகிய நமக்கு மண்வெட்டி புதிதன்று. மலாய்க்காரர்கள் சங்கோல் என்று சொல்வதை நம் வீடுகளிலும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். லயத்து வீட்டின் பின்புறம் நான்கு பாத்தி கட்டி, கத்தரியும் வெண்டையும் பயற்றங்காயும் போட்டவர்களுக்கு, இறுகிக் கிடக்கும் மண்ணைக் கொத்திப் புரட்ட எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது தெரியும். அந்த வேலையைச் செய்ய, கைப்பிடியைப் பிடித்து நடந்தே ஓட்டக்கூடிய சிறு இயந்திரம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் அதை டில்லர் என்பார். நாம் சுழற்கலப்பை என்று சொல்வோம்.

நான்கைந்து குடும்பங்கள் கூடிப் பணம் போட்டு இப்படியோர் இயந்திரத்தை வாங்கினால், பாத்தி போடும் சுமை பாதியாகக் குறையும். ஆனால் வாங்கி ஓராண்டு ஆவதற்குள் அது கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தால், அத்தனை குடும்பங்களின் சேமிப்பும் அங்கேயே கிடக்கிறது என்றுதான் பொருள். ஒரு பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால், அது எப்படி உண்டாயிற்று, அதன் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக வந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஆகவே இன்று சுழற்கலப்பையின் வரலாற்றைச் சொல்லி, அந்த வரலாற்றின் வழியாகவே அதைச் சரிசெய்து பேணும் முறையையும் பார்ப்போம்.

உழவின் நீண்ட வரலாற்றில் கலப்பை என்பது இழுக்கப்படும் கருவியாகவே இருந்து வந்தது. முதலில் மாடு இழுத்தது. சில நாடுகளில் குதிரை இழுத்தது. பிறகு நீராவிப் பொறி இழுத்தது. இங்கிலாந்தில் ஜான் ஃபௌலர் என்பவர், வயலின் ஓரத்தில் நீராவிப் பொறியை நிறுத்தி, கம்பி வடத்தைக் கொண்டு கலப்பையை இங்குமங்கும் இழுக்கச் செய்தார். அதற்காக 1858-இல் அந்நாட்டின் அரச வேளாண்மைச் சங்கம் அவருக்கு 500 பவுன் பரிசளித்தது. பொறியை வயலுக்குள்ளேயே ஓட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதன் எடை டன் கணக்கில் இருந்தது. ஈர மண்ணில் இறக்கினால் புதைந்துவிடும். மற்ற மண்ணில் ஓட்டினால் சக்கரம் பட்ட இடமெல்லாம் கட்டாந்தரையாகும். மண்ணை இளக்கப் போன பொறியே மண்ணை இறுக்கியது. இதுதான் அன்றைய பெரிய சிக்கல்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்பவர் 1893-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை கில்காண்ட்ரா என்னும் ஊரில் பண்ணை வைத்திருந்தார். மகனோ பொறியியல் தொழில் பழகி வந்தார். 1912-இல், தமது 19-ஆம் வயதில், தந்தையின் பண்ணையிலிருந்த நீராவி டிராக்டரின் ஆற்றலைக் கொண்டு அவர் ஒரு சோதனை செய்தார். கருவியை வெறுமனே இழுத்துச் செல்வதற்குப் பதிலாக, பொறியின் ஆற்றலை நேரே மண் கிளறும் தண்டுக்குக் கொடுத்து அதைச் சுழலவிட்டார். மண் இளகியது, வழக்கமான உழவில் ஏற்படும் இறுக்கம் ஏற்படவில்லை.

ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. சுழன்ற கருவி மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. ஹோவர்ட் விடவில்லை. கத்தியின் வடிவத்தையே மாற்றினார். ஆங்கிலத்தில் ‘எல்’ என்னும் எழுத்தைப் போல, அதாவது நம் ‘ட’ எழுத்தைப் போல, மடங்கிய கத்திகளைச் செய்து, குறுகிய விட்டமுள்ள சுழல்தண்டில் இடைவெளி விட்டுப் பொருத்தினார். நிமிர்ந்த பகுதி மண்ணை நெடுக அறுக்கும். மடங்கிய அடிப்பகுதி அந்தத் துண்டை அடியோடு சீவித் தூக்கும். மண் பக்கத்தில் பறக்காமல் தூளாகி அங்கேயே விழுந்தது.

இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவரும் முயற்சி முதல் உலகப் போரால் தடைப்பட்டது. ஹோவர்ட் போர்க்காலத்தில் பிரிட்டனுக்குச் சென்று பணிபுரிந்தார். 1919-இல் ஊர் திரும்பி, 1920-இல் உட்கனல் எஞ்சின் பூட்டிய, ஐந்து கத்திகள் கொண்ட சுழற்கலப்பைக்குக் காப்புரிமை பெற்றார். 1922-இல் நிறுவனம் தொடங்கினார். 1938-இல் இங்கிலாந்துக்குச் சென்று, எசெக்ஸ் வட்டாரத்தில் மற்றொரு நிறுவனத்தை அமைத்தார். ‘ரோட்டவேட்டர்’ என்ற பெயர் அவருடைய இயந்திரங்களால்தான் உலகெங்கும் பரவியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். நம் மொழியில் ‘விகடகவி’ என்று சொல்லிப் பிள்ளைகள் விளையாடுவார்களே, அதுபோலத்தான்.

ஹோவர்ட் ஒருவரே இந்த வழியில் சிந்தித்தவர் என்று சொல்ல முடியாது. ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கொன்ராட் வான் மேயன்பர்க் என்பவர், விலங்கு நகத்தால் மண்ணைப் பறிப்பதைப் போன்ற வளைந்த நகங்களைச் சுழல்தண்டில் பூட்டினார். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தார் அவருடைய முறையில் இயந்திரங்கள் செய்தார்கள். 1930-களில் அவ்வகை இயந்திரங்கள் அமெரிக்காவை அடைந்து, ‘ரோட்டோட்டில்லர்’ என்ற பெயரில் தோட்டக்காரர்களிடம் புகழ் பெற்றன.

ஐரோப்பியச் சிறு இயந்திரங்கள் 1920-களில் ஜப்பானுக்கும் சென்றன. அங்கே ஒகயாமா வட்டாரத்துக் கைவினைஞர்கள் அவற்றைப் பார்த்து, தங்கள் நெல்வயலுக்கு ஏற்றபடி மாற்றிச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலச்சீர்திருத்தம் நடந்து, உழுபவர்களே சிறு நிலங்களுக்கு உரிமையாளர்களானார்கள். சிறு நிலத்துக்குச் சிறு இயந்திரம் வேண்டியிருந்தது. 1955-இல் ஜப்பானில் 1 இலட்சத்துக்கும் குறைவாக இருந்த நடை உழவுப் பொறிகள், 1965-இல் 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டன.

அந்த அலை மலேசியாவையும் தொட்டது. கெடா, பெர்லிஸ் சமவெளியில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் நிறைவுற்று, ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைவிக்க வழி பிறந்தது. இரு போகத்துக்கும் இடையே நிலத்தைத் தயார்செய்யக் கிடைத்த நாட்கள் குறைவு. எருமைகளின் இடத்தை டிராக்டர்களும், ஜப்பானிலிருந்து வந்த நடை உழவுப் பொறிகளும் பிடித்துக்கொண்டன. 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டருகே கிடக்கும் வெற்று நிலத்திலெல்லாம் காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்கினார். பெரிய வயலுக்கு வந்த இயந்திரத்தின் தம்பியாகிய சிறு சுழற்கலப்பை, காய்கறிப் பாத்திக்கு மிகவும் பொருந்தியது.

நேயர்களே, இனி இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நிற்போம். தொடுவதற்கு முன் ஒரு விதி. எஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பின், பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கத்தியைக் கையால் சுற்றும்போது எஞ்சினும் சுற்றக்கூடும். சுற்றினால் ஒரு பொறி போதும், விரல்கள் போய்விடும். பிளக் தொப்பியைக் கழற்ற ஒரு நொடிதான் ஆகும். நாள்தோறும் கையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்கக் கூடாது.

முதலில் கத்தி. ஹோவர்ட் கண்ட வடிவம் பயன் தர வேண்டுமானால், கத்தி சரியான பக்கம் பார்த்திருக்க வேண்டும். சுழலும்போது தீட்டிய விளிம்புதான் முதலில் மண்ணில் பட வேண்டும். இடப்பக்கத்துத் தொகுதியை வலப்பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டால், மழுங்கிய முதுகு மண்ணை இடிக்கும், இயந்திரம் குதிக்கும், ஓட்டுபவரின் தோள் வலிக்கும், உழவும் ஆகாது. ஆகவே கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் இடம், வலம் என்று எழுதிக்கொள்வது நல்லது. கத்தி பாதியளவு தேய்ந்துவிட்டால் தீட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டும். மாற்றும்போது இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தேய்ந்ததுமாக இருந்தால் இயந்திரம் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

சில இயந்திரங்களில் கத்தியைத் தண்டோடு இணைக்கும் ஊசி மெலிந்த இரும்பால் ஆனது. கல்லிலோ வேரிலோ கத்தி சிக்கினால், அந்த ஊசி முறிந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். “இது அடிக்கடி முறிகிறதே” என்று சலித்து, கெட்டியான போல்ட் ஒன்றைப் போட்டுவிடுவோர் உண்டு. அப்போது சிறு காசு ஊசிக்குப் பதிலாகக் கியர் பற்கள் முறியும். அதற்குரிய ஊசியையே வாங்கிப் போடுவதுதான் சிக்கனம்.

அடுத்தது ஆழம். முன்பக்கம் கத்தியுள்ள சிறு இயந்திரங்களில் உழவுச் சக்கரம் என்று தனியாக இல்லை. சுழலும் கத்தியே வண்டியை முன்னே இழுக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது பின்னால் மண்ணில் ஊன்றும் இரும்புக் கம்பி. அதில் மேலும் கீழும் துளைகள் இருக்கும். கம்பியைக் கீழே இறக்கினால் வண்டி மெதுவாகும். கத்தி ஆழமாகத் தோண்டும். மேலே ஏற்றினால் வண்டி விரைவாகப் போகும், மேலாகச் சுரண்டும். இயந்திரம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடினால் கம்பியை ஒரு துளை இறக்குங்கள். ஒரே இடத்தில் நின்று குழி தோண்டினால் ஒரு துளை ஏற்றுங்கள். இறுகிய மண்ணில் முதல் முறை 2 அங்குலம், மறுமுறை 4 அல்லது 5 அங்குலம் என்று படிப்படியாகப் போவதே முறை. கைப்பிடி இடுப்பின் உயரத்தில் இருக்கட்டும். குனிந்து ஓட்டினால் மாலையில் முதுகு சொல்லும்.

மூன்றாவது பெல்ட்டும் கிளட்ச்சும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழலும். கத்திக்கோ பெரும்பாலும் 100 முதல் 150 சுற்றே போதும். வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் வேலையைப் பெல்ட்டும் கியர் பெட்டியும் செய்கின்றன. கைப்பிடியிலுள்ள நெம்பியை அழுத்தினால் பெல்ட் இறுகிக் கத்தி சுழல வேண்டும். விட்டால் கத்தி நிற்க வேண்டும். ஓட்டுபவர் தடுக்கி விழுந்தாலும், கை விட்டவுடன் கத்தி நிற்பதற்கான ஏற்பாடு அது. நெம்பியை விட்ட பிறகும் கத்தி மெல்லச் சுற்றினால், கிளட்ச் கம்பி மிகவும் இறுகியிருக்கலாம், அல்லது எஞ்சின் சும்மா ஓடும் வேகம் கூடியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. மாறாக, நெம்பியை அழுத்தியும் கத்தி தயங்கி, ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சரிசெய்யும் மரையை ஒரே மூச்சில் திருகாமல், அரைச் சுற்றுத் திருகி, சோதித்து, மீண்டும் அரைச் சுற்றுத் திருக வேண்டும். நெம்பியைக் கயிற்றால் கட்டிவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். பின்னோக்கி ஓட்டும்போது கத்தி நம் காலை நோக்கி வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, கியர் பெட்டியும் எண்ணெய்த் தடுப்பு வளையமும். பலருடைய இயந்திரம் இங்கேதான் சாகிறது. உழும்போது புல், நூல், பழைய பாய் நார், கம்பித் துண்டு எல்லாம் கத்தித் தண்டில் சுற்றிக்கொள்ளும். அவை மெல்ல உள்ளே நகர்ந்து, தண்டு கியர் பெட்டிக்குள் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை அறுக்கும். எண்ணெய் கசியும், தண்ணீரும் மணலும் உள்ளே போகும், கியர் பற்கள் அரைபடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, தண்டில் சுற்றியதைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட வேண்டும். கசிவு கண்டால் வளையத்தை உடனே மாற்ற வேண்டும். வளையத்தின் விலை சில வெள்ளிதான். கியர் பெட்டியின் விலை இயந்திரத்தின் விலையில் ஒரு பங்கு.

ஐந்தாவது எஞ்சின். ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் சமதரையில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் பலவற்றில், புதியதாக வாங்கி ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடியதும் முதல் முறை எண்ணெய் மாற்ற வேண்டும். புதிய உறுப்புகள் உராய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள் அந்த எண்ணெயில் இருக்கும். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றலாம். உங்கள் இயந்திரத்தோடு வந்த கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். இரண்டு வீச்சு எஞ்சினாக இருந்தால் பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்று வடிகட்டி பஞ்சால் ஆனதானால், சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, சிறிது எஞ்சின் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். புழுதியில் மூச்சுவிடும் இயந்திரத்துக்கு அதுவே மூக்கு. ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதானால், தொட்டியிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி, ஊசித் துளைபோன்ற வழிகளை அடைத்துவிடும். மீண்டும் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சமாகும்.

இவ்வளவும் இயந்திரத்தைப் பற்றியது. மண்ணைப் பற்றியும் வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1930-களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில், புல்வெளியாக இருந்த நிலத்தை டிராக்டர் கொண்டு பெரும் பரப்பில் உழுது பொடியாக்கியிருந்தார்கள். கடும் வறட்சி வந்தபோது மேல்மண் காற்றில் பறந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் நிலத்தை விட்டுப் பிழைப்புத் தேடிப் போயின. உழவு மிகுந்தாலும் கேடு என்பதை உலகம் அப்போது கண்டது.

நம் நாட்டில் மண்ணைக் கொண்டுபோவது மழை. மாவுபோல் அரைத்த மண்ணின்மேல் ஒரு பெருமழை விழுந்தால், மேலே ஓடுபோல் இறுகும். சரிவான இடமானால் வடிகாலோடு போய்விடும். ஆகவே சரிவில் மேலிருந்து கீழாக உழாமல் குறுக்கே உழ வேண்டும். பயற்றங்கொட்டை அளவு கட்டிகள் இருக்கட்டும்; ஒரே பாத்தியை நான்கு முறை ஓட்ட வேண்டியதில்லை. உழுமுன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள். விரலால் தொட்டதும் உதிர்ந்தால் உழலாம். களிமண்போல் ஒட்டிக்கொண்டால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் ஓட்டினால், கத்தியின் அடிப்பகுதி கீழ்மண்ணைப் பூசி மெழுகிவிடும்; வேரும் நீரும் அதைத் தாண்டி இறங்கா. ஹோவர்ட் எந்த இறுக்கத்தை ஒழிக்க முயன்றாரோ, அதே இறுக்கத்தை அவருடைய கத்தியைக் கொண்டே நாம் உண்டாக்கியவர்களாவோம்.

லாலாங் புல் மண்டிய இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதன் உயிர் மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டில் இருக்கிறது. சுழற்கலப்பை அதைத் துண்டு துண்டாக நறுக்கும். ஈரம் கிடைத்தால் துண்டுகள் தனித்தனியே முளைத்து வரும். நாமே விதைத்ததுபோல் ஆகும். அங்கே முதலில் சங்கோலால் தோண்டித் தண்டுகளைப் பொறுக்கி வெயிலில் காயப் போட்டுவிட்டு, அதன்பின் இயந்திரத்தை இறக்க வேண்டும். பழைய கருவிக்கும் புதிய கருவிக்கும் தனித்தனி வேலை உண்டு.

நிறைவாக ஒரு யோசனை. பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய இயந்திரத்துக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள். யார் எடுத்தார்கள், எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது எண்ணெய் மாற்றியது என்று அதில் எழுதுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம். கணக்கும் வரும், பொறுப்பும் வரும். ஆனால் பிள்ளைகள் கையில் இயந்திரத்தைக் கொடுக்க வேண்டாம். எல்லாரும் ஓட்டலாம், பராமரிப்புக்கு மட்டும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பொதுப்பொருள் கெட்டுப் போவது, “அவர் பார்ப்பார்” என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவதால்தான்.

உழவைப் பற்றிப் பேசிய வள்ளுவர், ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவதை உயர்த்திச் சொன்னார். நீர் பாய்ச்சுவதைவிடக் காவலை உயர்த்திச் சொன்னார். உழுவது ஒரு நாள் வேலை, காப்பது ஆண்டு முழுவதும் செய்யும் வேலை என்பதை அவர் அறிந்திருந்தார். பயிருக்குச் சொன்ன அந்தக் காவல், பயிர் செய்யும் கருவிக்கும் பொருந்தும். 19 வயது இளைஞர் ஒருவர் தந்தையின் பண்ணையில் மண்ணைக் கவனித்துப் பார்த்ததில் பிறந்த பொறி இது. அதே கவனத்தோடு அதைக் கையாளுவோமானால், அது பல ஆண்டுகள் நமக்கு உழைக்கும். பாத்தியும் குறைவில்லாமல் காய்க்கும்.